சந்து நடுவில் ஒரு சிலிண்டர்

அக்காவின் மகனுக்குக் கலியாணம் பேசி முற்றானது. எங்கள் மன்னார்ப் பக்கத்தில் மணப்பெண்ணின் கூறைச்சேலையை மாப்பிள்ளை வீட்டார்தான் எடுக்க வேண்டும். கடைத்தெருவில் இல்லாத சேலையா என்று கேட்டேன். அக்கா அலுமாரியைத் திறந்து ஒரு துணித்துண்டை எடுத்துத் தந்தாள். அவளுடைய சொந்தக் கூறையின் கரையோரத் துண்டு. இடம்பெயர்ந்து ஓடியபோது சேலை எங்கேயோ போய்விட்டது. கஞ்சிப் பானை தூக்கக் கைப்பிடித் துணியாக வைத்திருந்த இந்தத் துண்டு மட்டும் மிஞ்சியது.

"இந்தச் சிவப்பு. இதுக்கு மேலயும் வேண்டாம், கீழயும் வேண்டாம். உன்ர சிநேகிதன் ஆரணியில சாயக்காரன் எண்டு எத்தினை வரிசமாச் சொல்லுறாய். போய் நூலுக்குச் சாயம் போட்டு நெய்விச்சுக்கொண்டு வா."

எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. மீன்வாடி, லொறி, படகு, கத்தார் என்று அலைந்ததுதான் மிச்சப் படிப்பு. போ என்றால் போய்விடுவேன். போனேன்.

விமானத்தில் சென்னைக்கு வந்து இறங்கி, ஆரணி பஸ் எது என்று கேட்டேன். காட்டினார்கள், ஏறினேன். ஆரணி என்று நடத்துநர் கூவிய இடத்தில் இறங்கினேன். தெருவுக்குள் தறிச் சத்தம் கேட்டது. சரியான இடம்தான் என்று சாயக்காரச் சிநேகிதன் செல்வத்துக்குப் போன் எடுத்தேன்.

"பஸ் ஸ்டாண்டுலதான் நின்னுகினு இருக்கேன் அண்ணே. உங்களக் காணலியே?"

நானும் அங்கேதான் நிற்கிறேன் என்றேன். நான் தேநீர்க்கடையைச் சொன்னால் அவன் அப்படி ஒன்று இல்லை என்றான். அவன் சொன்ன மணிக்கூண்டு எனக்குத் தெரியவில்லை. பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி பொறுக்க முடியாமல் என் கையிலிருந்த போனை வாங்கினாள். "ஐயே, இவரு பெரியபாளையத்தாண்ட இருக்கிற ஆரணிக்கு வந்துட்டாரு. உங்களுது அந்தப் பட்டுச்சேலை ஆரணி. ரெண்டுக்கும் நடுவுல மெட்ராசே இருக்குது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனைத் தந்தாள். ஒரே பெயரில் இரண்டு ஊர், இரண்டிலும் தறி. இதை யாரும் எனக்கு முதலில் சொல்லவில்லை. அன்றைய பகல் முழுவதும் பஸ்ஸில் போனது.

செல்வத்தைக் கத்தாரில் தெரியும். கட்டிலில் மேல் தட்டு அவன், கீழ்த் தட்டு நான். எரிவாயுக் குழாய்களுக்குக் கொங்கிரீட் கால் போடும் வேலை. கடலுக்கு அடியில் உள்ள எரிவாயுக் கிடங்கு ஒன்றே ஒன்றுதான், அதன் இந்தப் பக்கம் கத்தாருக்கு, அந்தப் பக்கம் ஈரானுக்கு என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். ஒரே இளநீரில் இரண்டு பேர் குழாய் விட்டு உறிஞ்சுவது போல. சண்டை வந்தால் அவர்களுக்குள்தான் வரும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். ஆனால் எல்லைக் கதவைப் பூட்டியது வேறு அயல்நாடுகள். கடையில் பால் இல்லாமல் போயிற்று. பிறகு அந்த ஈரானிலிருந்தே தயிர் வந்தது. செல்வமும் நானும் அந்தத் தயிரைச் சோற்றில் பிசைந்துகொண்டே யாருக்கு யார் பகை என்று பேசிப் பார்த்தோம். சோறு முடிந்தது, பேச்சு முடியவில்லை.

சரியான ஆரணிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. செல்வத்தின் மனைவி கலா கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தாள். எங்கள் ஊரில் கருவாட்டுக்குத் தேங்காய்ப்பால் விடாவிட்டால் அக்கா சமையலே இல்லை என்பாள். இங்கே புளிதான். களியை நான் மென்றதைப் பார்த்துக் கலா சிரித்தாள். "அண்ணா, அத்த மெல்லக் கூடாது. குழம்புல தொட்டு அப்படியே முழுங்கணும்." விழுங்கினேன். கல் மாதிரி வயிற்றில் இறங்கி மறுநாள் வரை பசி எடுக்கவில்லை. கத்தாரில் இது கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

செல்வத்தின் வீடு ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருக்கிறது. சந்தில் வீடு இரண்டுதான். வாயில் பக்கம் உள்ளது அவன் அண்ணன் பாஸ்கருடையது. அப்பா பாகம் பிரித்துக் கொடுத்தபடி அண்ணனுக்கு ஒரு சாயப்பட்டறை, தம்பிக்கு ஒரு சாயப்பட்டறை. இருவரும் பேசிக்கொள்வதில்லை.

காரணம் கேட்டேன். எரிவாயு என்றான்.

புகை என்று அக்கம்பக்கம் சண்டைக்கு வந்ததால் இரண்டு பேரும் விறகை விட்டு சிலிண்டருக்கு மாறியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் வீட்டு அடுப்பங்கரையில் நிற்பது நீலச் சிலிண்டர். இங்கே வீட்டுக்குச் சிவப்பு, தொழிலுக்கு நீலம். வளைகுடாப் பக்கம் கப்பல்கள் தாமதம் என்று செய்தி வந்ததிலிருந்து நீலச் சிலிண்டர் குறைவாகத்தான் வருகிறது. வண்டி சந்து வாயிலோடு நின்றுவிடும். பாஸ்கர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் இருந்தால் செல்வத்துக்கு. "எனக்கு வர்ற கேஸு அவரு வாசலைத் தாண்டித்தான் வரணும் அண்ணே. அந்தத் திமிருதான் அவருக்கு" என்றான் செல்வம்.

அது மட்டுமல்ல. குழாய் வழியாக எரிவாயு வரப்போகிறது என்று யாரோ வந்து சந்தை அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். செல்வம் வீட்டுக்குக் குழாய் போக வேண்டும் என்றால் பாஸ்கரின் சுவரோரம் தோண்ட வேண்டும். தன் சாய அண்டா வைத்திருக்கும் மேடை விரிசல் விடும் என்று பாஸ்கர் மறுத்துவிட்டார். அன்று நின்றதுதான் பேச்சு.

"குழாய் எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"அது யாருக்குத் தெரியும்? இன்னும் ஊருக்கே வரலியே."

வராத குழாய்க்கா சண்டை என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன். ஏன் விட்டேன் என்பது மறுநாள் காலை தேநீர்க்கடையில் எனக்கே தெரிந்தது.

அந்தக் கடைக்காரர் நீலச் சிலிண்டரைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் பலகை வைத்து உட்காரும் வாங்கு ஆக்கியிருந்தார். தேநீர் விறகில் கொதித்தது. தோசை நிறுத்தம் என்று சிலேட்டில் எழுதியிருந்தது. நான் பேசிய இரண்டாவது சொல்லிலேயே, செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒருவர் தலையை நிமிர்த்தினார். ரேஷன் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம்.

"சிலோனா? எந்த ஊரு?"

"மன்னார்."

"அட, கேஸு இருக்குதே உங்க கடல்ல! யாருக்குக் குடுத்தீங்க?"

ஒருவருக்கும் கொடுக்கவில்லை, அது அங்கேயே இருக்கிறது என்றேன்.

"சைனாக்காரனுக்குக் குடுத்துட்டதாச் சொல்றாங்களே" என்றார்.

எங்கள் ஊரில் இந்தியாவுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள் என்றேன். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு உண்மையிலேயே தெரியாது. கடலில் துளை போட வந்த கப்பலுக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றிப்போன படகில் நான் கொஞ்ச காலம் வேலை செய்தேன். ஒருநாள் எரிவாயு கண்டுபிடித்தாயிற்று என்று கப்பலிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். கீழே படகில் நின்ற நாங்களும் தட்டினோம். பிறகு கப்பல் போய்விட்டது. அதன் பிறகு அந்த நாடு பார்க்கிறது, இந்த நாடு பார்க்கிறது, இவர்களுக்குக் கொடுத்தால் அவர்களுக்குக் கோபம் என்று செய்தி மட்டும் வந்துகொண்டிருந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. பல வருடம் கழித்து நாட்டில் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபோது அதே மன்னாரில் வெற்றுச் சிலிண்டரைக் கயிற்றால் காலில் கட்டிக்கொண்டு வரிசையில் படுத்துக் கிடந்தேன். படுத்த இடத்திலிருந்து அந்தக் கடல் தெரியும்.

இதைச் சொன்னதும் ரேஷன்காரர் விரலை ஆட்டினார். "அது வேற, இது வேற. கடல்ல இருக்கிறது குழாயில வர்ற கேஸு. சிலிண்டர்ல அடைக்கிறது வேற ஜாதி. உங்க கடல்ல இருக்கிறத எடுத்தாலும் உங்க சிலிண்டர் ரொம்பாது."

அப்படியானால் வராத எரிவாயுவை நினைத்து நான் இத்தனை நாளும் எதற்கு வயிறெரிந்தேன்? விளங்கவில்லை. "தஞ்சாவூர்ப் பக்கம் தோண்டவே வேணாம்னு சனங்க சண்டை போடுது, இவங்க தோண்டலியேன்னு அழுவுறாங்க" என்று ஒருவர் சொன்னார். தேநீர்க்காரர் முடித்து வைத்தார். "ரெண்டு நாட்டாரும் வெளியூர்க் கப்பலைப் பாத்துகினுதான் ஒக்காந்துகினு இருக்கோம். இதுல யாருகிட்ட யாரு பெருமை பேசுறது? டீ ஆறுது, ஜல்தி குடிங்க."

அன்றைக்குத்தான் அக்காவின் சிவப்புக்குச் சாயம் போட்டார்கள். கழி என்று சொல்லும் வெள்ளைப் பட்டு நூல் சுருள்களைக் கம்புகளில் மாலை மாலையாகக் கோத்து, சாயத் தண்ணீர் நிறைந்த பெரிய அண்டாவின் விளிம்பில் வரிசையாகத் தொங்கவிட்டான் செல்வம். கழியின் கீழ்ப்பாதி தண்ணீருக்குள், மேல்பாதி வெளியே. ஒவ்வொரு கம்பாகத் தூக்கித் தூக்கிக் கழியைத் திருப்பிப் போட வேண்டும். தண்ணீர் கொதியிலேயே நிற்க வேண்டும். அக்காவின் துண்டை ஈரமாக்கிச் சுவரில் ஒட்டி வைத்து, ஒரு கண் அதில், ஒரு கண் அண்டாவில் என்று வேலை செய்தான். சேலைக்கு வேண்டிய நூல் முழுவதும் ஒரே அண்டாவில், ஒரே கொதியில் இறங்க வேண்டும் என்றான். இரண்டு தடவையாகப் போட்டால் இரண்டு சிவப்பாகிவிடும்.

அண்டாவுக்குக் கீழே எரிந்தது அவனிடம் இருந்த கடைசிச் சிலிண்டர்.

நடுவில் நெசவாளர் ஒருவர் வாசலில் வந்து கூப்பிட்டார். கூறையை நெய்யப்போவது அவர்தான். தறியைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருக்கிறாராம். "ரெண்டு நிமிசம், பாத்துக்கோங்க அண்ணே. கம்பைத் தூக்கித் திருப்பிவுட்டுகினே இருங்க, போதும்" என்று செல்வம் வெளியே போனான்.

திருப்பினேன். அதைச் சரியாகத்தான் செய்தேன். ஆனால் என் கண் கீழேயே போனது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, கீழே தீ இன்னும் முழு வேகத்தில் எரிகிறது. வரிசைக் காலத்தில் எங்கள் வீட்டில் கொதித்த பானைக்குக் கீழே யாரும் தீயை விட்டுவைத்ததில்லை. கொதித்ததும் அணை, மூடியைப் போடு, சூட்டில் தானாக வேகும். பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். சிநேகிதனின் கடைசிச் சிலிண்டர் வீணாக எரிவதைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்பது? குனிந்து அடுப்புத் திருகைத் திருப்பி, தீயைப் பொட்டளவு ஆக்கினேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு கழிகளைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

ரெண்டு நிமிசம் என்ற செல்வம் வெகுநேரம் கழித்து வந்தான். அண்டாவைப் பார்த்தான். கொதி அடங்கித் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. ஒரு கம்பைத் தூக்கினான். கழியில் ஒரு முழம் சிவப்பு, ஒரு சாண் வெளிர், மறுபடி சிவப்பு.

"யாரு தீயைக் குறைச்சது?"

"நான்தான். கொதிச்சிட்டுது, காஸ் வீணாப் போகுது எண்டு..."

அவன் கம்பை மறுபடி விளிம்பில் வைத்தான். கத்தாரில் என் கையில் கொங்கிரீட் பலகை விழுந்தபோதுகூட என்னைத் திட்டிக்கொண்டேதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். திட்டாத செல்வத்தை அன்றுதான் பார்த்தேன். கலாதான் பேசினாள். "கொதி நின்னா சாயம் திட்டுத் திட்டாத்தான் புடிக்கும். இத்த சரி பண்ணணும்னா சோப்புத் தண்ணியில ஒரு கொதி போட்டுச் சாயத்தைக் கழட்டணும். அப்புறம் மறுபடி ஒரு கொதி போட்டுச் சாயம் ஏத்தணும். இருக்கிற கேஸு அதுல பாதிக்குக்கூடத் தாங்காது அண்ணா." வண்டி எப்போது வரும் என்று தெரியாது. வேறு பட்டு வாங்கினாலும் கொதிக்க வைக்கத் தீ வேண்டும். தறி காத்துக்கொண்டிருக்கிறது, கலியாணத்துக்கு நாள் குறித்தாயிற்று, சுவரில் அக்காவின் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணனிட்ட இருக்குமோ?" என்று கேட்டேன்.

"இருக்கும். ரெண்டு வச்சிருப்பாரு. நான் போ மாட்டேன்."

நான் போனேன். பாஸ்கர் பட்டறைக்குள் கோணி விரித்துப் படுத்திருந்தார். வேலை இல்லாததால் அல்ல, முதுகு வலியாம். நான் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"கொதிக்கிற அண்டாவுக்குத் தீயைக் குறைச்சீங்களா? எந்தப் பட்டறையில கத்துகினீங்க?"

"பட்டறையில இல்லை, வரிசையில."

என்ன நினைத்தாரோ, சிரித்துவிட்டார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்டார். "சிலிண்டர் யாருக்கு? உங்களுக்கா, அவனுக்கா?"

"எனக்கு."

"உங்களுக்குன்னா எடுத்துகினு போங்க. அவனுக்குன்னா ஒரு தீக்குச்சிகூடக் கெடையாது. இது நான் உங்களுக்குக் குடுக்கிறது. புரிஞ்சுதா?"

புரிந்தது என்றேன். புரியவில்லை. சிலிண்டரைச் சாய்த்து, அடி விளிம்பில் உருட்டிக்கொண்டு சந்தின் வாயிலிலிருந்து கடைசிவரை போனேன். சத்தம் ஊருக்கே கேட்டிருக்கும். பின்னாலேயே பாஸ்கரும் வந்தார், முதுகைப் பிடித்துக்கொண்டு. தம்பி வாசலைத் தாண்டாமல், நிலையில் சாய்ந்து நின்றார்.

பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சாயத்தைக் கழற்றவும் மறுபடி ஏற்றவும் சாயங்காலம் வரை ஆயிற்று. அவ்வளவு நேரமும் அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டேயிருந்தார்கள், ஆனால் என்னோடுதான்.

"சிலோன்காரரே, தீயைக் கொஞ்சம் ஏத்தச் சொல்லுங்க."

"அண்ணே, தீ போதும்னு சொல்லுங்க."

"அப்பா காலத்துல இந்தச் சிவப்புக்கு மஞ்சள் துளி வுடுவாங்கன்னு சொல்லுங்க."

"மஞ்சள் வுட்டாச்சின்னு சொல்லுங்க. இவரு இன்னா என்னப் புதுசா வந்தவன்னு நெனச்சாரா?"

"வுட்டது பத்தலன்னு சொல்லுங்க, பேஜாரு புடிச்சவன்கிட்ட."

மூன்று பேரும் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கும் தூரத்தில்தான் இருக்கிறோம். நான் ஒன்றையும் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவும் இல்லை. செல்வம் மஞ்சள் விட்டான். திருகைத் தொடவே கூடாது என்று கலா என்னைத் தூரத்தில் ஒரு முக்காலியில் உட்கார வைத்துவிட்டாள்.

மறுநாள் கழிகள் கொடியில் காய்ந்தன. அக்காவின் துண்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வெயிலில் இரண்டும் ஒன்றுதான். பட்டறைக்குள் நிழலுக்கு வந்தால் புதுசு ஒரு பொட்டுக் கூடுதல் சிவப்பு. திரும்ப வெயிலுக்குப் போனால் மறுபடி ஒன்று. எது உண்மை என்று செல்வத்தைக் கேட்டேன். "ரெண்டும்தான்" என்றான். போனில் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். படத்தில் இரண்டும் செம்மஞ்சளாக இருந்தன. "இது என்னடா நிறம்?" என்று அக்கா எழுதினாள்.

நூல் தறிக்குப் போனது. சேலையைப் பிறகு ஆள் மூலம் அனுப்புவதாகச் செல்வம் சொன்னான். நான் கிளம்ப வேண்டியிருந்தது. கிளம்பும் காலையில் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே இன்னும் இருந்தது. உருட்டிக்கொண்டு பாஸ்கரிடம் போனேன்.

அவர் அசைத்துப் பார்த்தார். "இருக்குதே. இது உங்களுக்குக் குடுத்தது. குடுத்தத நான் திரும்ப வாங்கறதில்லை."

உருட்டிக்கொண்டு செல்வத்திடம் வந்தேன். "அவரு கேஸு எனக்கு எதுக்கு அண்ணே? நாளைக்கு வண்டிக்காரன்கிட்ட சொல்லிக் காட்டுவாரு. வேணாம்."

இரண்டு பேருக்கும் அண்டா காலியாகக் கிடந்தது. இரண்டு பேருக்கும் அந்த எரிவாயு தேவை. சென்னை பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆரணியில் எனக்குச் சொந்தமாக ஒரு சிலிண்டர் இருந்தது, அதை விமானத்தில் ஏற்ற முடியாது. சந்தின் நடுவில், இரண்டு வாசலுக்கும் சமதூரம் என்று எனக்குப்பட்ட இடத்தில், சுவரோரமாக நிறுத்திவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது இரண்டு வாசலிலும் ஆள் இல்லை.

கலியாணத்துக்கு முன் சேலை வந்து சேர்ந்தது. அக்கா பிரித்து மடியில் வைத்து, துண்டை மேலே போட்டாள். முகம் மாறியது. சேலையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். வெயிலில் விரித்துக் கனநேரம் பார்த்தாள். உள்ளே வந்தாள், மறுபடி வெளியே போனாள்.

"வெளியில வைச்சுத் தாலி கட்டுவம்" என்றாள். மணவறையை முற்றத்து வெயிலுக்கு மாற்றச் சொல்லிவிட்டாள்.

சேலை கிடைத்த செய்தியைச் சொல்லச் செல்வத்துக்குப் போன் எடுத்தேன். கலியாணக் கதை பேசி, களிக் கதை பேசி, கடைசியில் அந்தச் சிலிண்டரை யார் எடுத்தது என்று கேட்டேன்.

"யாரும் எடுக்கல அண்ணே. வச்ச எடத்துலயே இருக்குது. நடுவுல நல்ல மழை. துருப் புடிக்கக் கூடாதுன்னு யாரோ அதும் மேல ஒரு கோணியைப் போட்டு, கயிறு கட்டி வச்சிருக்காங்க."

"யாரோ எண்டால்?"

"நான் இல்லை."